பத்தாவது ஆள்

அன்றைக்கு அக்கா வீட்டில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் முதலில் எழுதிவிடுகிறேன். அக்கா. நான். கீழ்மாடி மிஸ்ஸி, ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றுப் பல வருடமாகிவிட்டது, ஆனாலும் அந்த அடுக்குமாடியில் எல்லோருக்கும் அவர் மிஸ்ஸிதான். பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் பூக்கடை போட்டிருக்கும் அம்மா. மேல்மாடி சீன ஆன்டி. மொத்தம் ஐந்து பேர். நான் எண்ணினேன். எதையும் எண்ணிப் பார்க்காமல் என்னால் உட்கார முடியாது. வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். காஸை அணைத்தேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி ஓடுவேன். அப்படிப்பட்டவள் எண்ணியது ஐந்து.

அக்கா அடுப்படியிலிருந்து தட்டோடு வந்தாள். தட்டில் ஆறு கோப்பை தேத்தண்ணி.

எங்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தாள். தனக்கொன்று எடுத்து வைத்துக்கொண்டாள். ஆறாவதை ஜன்னலோரம் கிடந்த காலி நாற்காலிக்கு முன்னால் வைத்து, ஆறிப்போகாமல் இருக்க மேலே ஒரு சாசரைக் கவிழ்த்தாள்.

பூக்கடை அம்மா சிரித்தார். “என்னக்கா, எனக்கு ரெண்டு கோப்பையா? நான் குண்டா இருக்கேன்னு சொல்லிக் காட்டுறீங்களா?”

“உனக்கு இல்லடி. குடிச்சிட்டு காசை எடு.”

அது கூட்டு குலுக்கும் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கூட்டில் பத்துப் பேர், மாதம் ஆளுக்கு முந்நூறு ரிங்கிட், எங்கள் பேச்சில் முந்நூறு வெள்ளி. சேர்கிற மூவாயிரத்தை, சீட்டில் யார் பேர் வருகிறதோ அவர் எடுத்துக்கொள்வார். பத்து மாதத்தில் எல்லோருக்கும் ஒரு முறை வந்துவிடும். எடுத்த பிறகும் கடைசி மாதம் வரை கட்ட வேண்டும். முதல் மாதப் பணம் கூட்டு நடத்துகிறவருக்கு. சட்டத்தில் இதற்கு இடமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பத்திரம் கிடையாது, ரசீது கிடையாது. நடத்துகிறவரின் பேர் மட்டும்தான் பிணை. அக்கா முப்பது வருடமாக நடத்துகிறாள். ஒரு காசு பிசகியதில்லை.

இது ஐந்தாவது மாதம். பிஸ்கட் டின்னைக் குலுக்கியாயிற்று. மிஸ்ஸி கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுத்தார். பிரித்தார். படிக்கவில்லை.

“என்ன மிஸ்ஸி, உங்க பேரா? வாய் அடைச்சிருச்சா?” என்றார் பூக்கடை அம்மா.

மிஸ்ஸி சீட்டை என்னிடம் நீட்டினார். அக்காவின் குண்டு குண்டான எழுத்து. எழுதியிருந்தது வேன்காரம்மாவின் பேர்.

வேன்காரம்மா கிள்ளானில் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். அக்காவுக்கு நாற்பது வருட சினேகிதி. போன கூட்டுக்கு முந்திய கூட்டு வரைக்கும் எங்களோடு இருந்தவர். அந்தக் கூட்டில் கடைசிக் காசையும் கட்டி முடித்துவிட்டு, அடுத்த வாரமே நெஞ்சுவலியில் போய்விட்டார். ஒன்றரை வருடமாகிறது. அந்த அறையில் இருந்த ஐந்து பேருமே சாவுக்குப் போயிருந்தோம். அக்கா வாய்க்கரிசி போட்டாள்.

“யாரு?” என்று கேட்டாள் அக்கா.

நான் பேரைச் சொன்னேன்.

“நல்லதாப் போச்சு. கூரை ஒழுகுதுன்னு போன வாரம் கூட பொலம்பினா. மாத்திக்கட்டும்.” காசைத் தட்டோடு என் பக்கம் தள்ளினாள். “எண்ணு.”

நாங்கள் ஐந்து பேர். வர முடியாமல் காசை மட்டும் அனுப்பிவைத்தவர்கள் நாலு பேர். ஆக ஒன்பது. இரண்டாயிரத்து எழுநூறு இருக்க வேண்டும். எண்ணினேன். மூவாயிரம் இருந்தது. மறுபடி எண்ணினேன். மிஸ்ஸி எண்ணினார். சீன ஆன்டி விரலில் எச்சில் தொட்டு எண்ணினார். மூவாயிரம்.

“எத்தனை தடவை எண்ணுவீங்க? அவ வெள்ளிக்கிழமையே குடுத்துட்டா லா. அவ என்னைக்கு லேட்டா குடுத்திருக்கா?”

இத்தனை மாதம் எங்களுக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்கலாம். அந்த நாலு பேரை அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். ஒருவர் செராஸ், ஒருவர் பத்துமலைப் பக்கம், மற்றவர்கள் எங்கேயோ. பத்தாவது ஆளும் அப்படி யாரோ என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நோட்டை அக்கா யாருக்கும் காட்ட மாட்டாள். மாதா மாதம் மூவாயிரம் சரியாக வந்துகொண்டிருந்தது. சரியாக வருகிற பணத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

“அக்கா, மறுபடி குலுக்கலாமா?” என்றார் மிஸ்ஸி மெதுவாக.

“முப்பது வருஷத்துல ஒரு தடவை குலுக்கினதை மறுபடி குலுக்கியிருக்கேனா? பேர் வந்தா வந்ததுதான்.”

அவர் செத்துப்போய்விட்டார் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அக்கா மூவாயிரத்தையும் ஒரு உறையில் போட்டு, மேலே பேரெழுதி, அலமாரியில் வைத்துப் பூட்டினாள். நாற்காலிக்கு முன்னால் இருந்த தேத்தண்ணியை அதுவரை யாரும் பார்க்காதது மாதிரியே உட்கார்ந்திருந்தோம்.

படிக்கட்டில்தான் பேச்சு வந்தது.

“அந்த வேன் அம்மா செத்துப் போச்சு தானே லா?” என்றார் சீன ஆன்டி. “நான் பூ போட்டேன். என் கையால போட்டேன்.”

“என் கடை மாலைதான்,” என்றார் பூக்கடை அம்மா. அவர் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

மிஸ்ஸி என் கையைப் பிடித்தார். “பணத்தை நீ எடுத்துட்டுப் போயிடு. அங்க வைக்காதே.”

நான் திரும்பி மேலே போனேன். அக்கா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அலமாரிச் சாவி அவள் இடுப்பில் இருந்தது. கேட்டால் அவள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தேன். ‘என் கைல காசு இருந்தா தொலைஞ்சிடும்னு நினைக்கிறியா?’ என்று கேட்பாள். காஸ் அடுப்புக்காகப் பாதி வழி திரும்பி ஓடுகிற நான், மூவாயிரம் ரிங்கிட்டை அங்கேயே விட்டுவிட்டு, கிள்ளானில் இருக்கும் என் வீட்டுக்கு ரயில் ஏறினேன். செவ்வாய்க்கிழமை வந்து பக்குவமாகச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் மூன்றாம் படிவத்தோடு, ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை விட்டவள். டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரிதான் எழுத முடியும். இந்த வருட ஆரம்பத்தில் அக்காவை மறதி கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம், நானும் சுபாங் ஜெயாவில் இருக்கும் அவள் மகனும். மலாய்க்கார டாக்டர், சின்னப் பெண், பொறுமையானவர். ஐந்து வார்த்தை சொல்லி, கொஞ்சம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அக்கா ஆறு சொன்னாள். நாலு சரி. இரண்டு, டாக்டர் சொல்லவே சொல்லாதது. கடிகாரம் வரையச் சொன்னார். அழகான வட்டம், எண்கள் எல்லாம் அதனதன் இடத்தில். பன்னிரண்டுக்குப் பிறகு கொஞ்சம் இடம் விட்டுப் பதின்மூன்றையும் எழுதி வைத்தாள்.

முதுமை மறதி நோய் என்று சொல்லிவிட முடியாது, வயதுக்கு வருகிற சாதாரண மறதியும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் என்றார் டாக்டர். நடுவில் என்றால் எதுவரை என்று கேட்டேன். சிலர் பல வருடம் அங்கேயே இருப்பார்கள், சிலர் தேறுவதும் உண்டு, சிலர் அடுத்த படிக்குப் போவார்கள், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். குளிப்பது, சமைப்பது, பாசாரில் காய்கறி வாங்குவது இதெல்லாம் அக்காவால் முடியும். பணம், மருந்து, பழக்கமில்லாத புது வேலை, இவற்றில்தான் முதலில் தடுமாற்றம் தெரியும். யாராவது கவனித்துக்கொண்டால் தனியாகவே இருக்கலாம்.

கவனிக்கிற ஆள் நான்தான். அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. கிள்ளானில் டோபிக் கடையில் துணி மடித்துக்கொண்டே ஒரு நாளைக்கு நாலு முறை போன் போடுவேன். வாரத்துக்கு மூன்று நாள் ரயிலேறிப் போய்ப் பார்ப்பேன். மறதி என்றால் பொருள் காணாமல் போகும் என்றுதான் நினைத்திருந்தேன். அக்கா வீட்டில் எதுவும் காணாமல் போகவில்லை. கூடிக்கொண்டே போனது. குளிர்பெட்டியைத் திறந்தால் கறிவேப்பிலை ஏழு கட்டு. ஒரே மாத மின்கட்டணத்துக்கு இரண்டு ரசீது. துவைத்த துணி மறுபடி துவைத்து மறுபடி காய்ந்தது. மத்தியானத்தில் கீழே ஏதாவது வேன் இரண்டு முறை ஹார்ன் அடித்தால் எழுந்து போய், பால்கனியிலிருந்து கையாட்டுவாள். வேன்காரம்மா அப்படித்தான் ஹார்ன் அடித்துக் கூப்பிடுவார். ஒரு நாள் சத்தம் கேட்டு நானும் கூடப் போய் எட்டிப் பார்த்தேன். கீழே வேன் எதுவும் இல்லை. சத்தம் மட்டும் எனக்கும் கேட்டிருந்தது.

மின்கட்டணம் இரண்டு முறை போன விஷயம் மகனுக்குத் தெரிந்து, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய நாள்தான் வந்து அக்காவின் வங்கிக் கார்டை வாங்கிக்கொண்டு போனான். இனி வாரா வாரம் செலவுக்குக் கையில் கொடுப்பானாம், அவளுடைய கூட்டுக்காசு முந்நூறையும் சேர்த்து. போகும்போது என்னைக் கார் வரைக்கும் கூட்டிப் போனான்.

“சின்னம்மா, நான் கெட்டவன் இல்ல. நாளைக்கு ஏதாச்சும் ஆனா ஊரு என்னைத்தான் கேக்கும். இதுக்கு மேல காசு விஷயத்துல ஒரு தப்பு, ஒண்ணே ஒண்ணு நடந்தா, வீட்டை வாடகைக்கு விட்டுட்டு அம்மாவை எங்கூட கூட்டிட்டுப் போயிடுவேன்.”

அவன் சொன்னதில் தப்பே இல்லை. மேலே போனபோது அக்கா பால்கனியில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

“அவன் வீட்ல கேட்டுக்குக் கூட ரிமோட்டு,” என்றாள். “உள்ள போனா வெளிய வர எனக்குத் தெரியாது. என்னை அங்க அனுப்பிடாதே.”

அக்கா என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். அதனால்தான் அந்த வார்த்தை என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை அவள் போனை எடுக்கவில்லை. அன்று நான் மடித்த துணியில் யார் துணி யார் பையில் போனது என்று தெரியாது. மூன்றரைக்கு அவளே கூப்பிட்டாள். “வெளிய போயிருந்தேன் லா. எத்தனை தடவைதான் அடிப்பே? போனே சூடாயிருச்சு.”

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். அலமாரி திறந்திருந்தது. உறை இல்லை.

“அக்கா, காசு எங்க?”

“குடுத்துட்டேன்.”

“யாருக்கு?”

“பேர் யாருக்கு வந்துச்சு? அவளுக்குத்தான். ரயில்ல போனேன், மழைக்கு முன்னாடி திரும்பிட்டேன்.”

“அவங்க வீட்ல இருந்தாங்களா?” இந்தக் கேள்வியை எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “கேட் பக்கத்துலயே நின்னா. வீட்ல வேலை நடக்குதாம், உள்ள கூப்பிடல. ஆளு ரொம்ப இளைச்சுட்டா. சாப்பிடுறியா இல்லையான்னு கேட்டேன், சிரிக்கிறா.”

நோட்டைக் காட்டச் சொன்னேன். இந்த முறை மறுக்காமல் காட்டினாள். ஐந்தாம் மாதம், வேன்காரம்மாவின் பேர், மூவாயிரம், பக்கத்தில் கையெழுத்து.

“கையெழுத்து உன்னுது மாதிரி இருக்கே.”

“கண்ணாடி கொண்டு வரலை, நீயே போட்டுக்கன்னா. போட்டேன்.”

எதைக் கேட்டாலும் அவளிடம் பதில் இருந்தது. திணறல் இல்லை, யோசனை இல்லை. தடுமாறியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

பழைய பக்கங்களைப் புரட்டினேன். முதல் மாதத்திலிருந்து வேன்காரம்மா கட்டியதாக ஐந்து முந்நூறு. அலமாரியில் இருந்த வங்கிப் புத்தகத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். அத்தான் ரயில்வேயில் இருந்தவர். அவர் போன பிறகு அக்காவுக்கு வருகிற பென்ஷன் அதில்தான் விழும். ஐந்து மாதமும், ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை, அவளுடைய முந்நூறு போக இன்னொரு முந்நூறு எடுத்திருந்தாள். வேன்காரம்மா கொண்டுவந்து கொடுத்த காசு இதுதான். தன் கையால் எடுத்து, தன் கையால் வாங்கி, தன் கையால் எழுதியிருக்கிறாள். இது தெரிந்ததும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எடுத்த கைக்கும் வாங்கிய கைக்கும் நடுவில் அவள் எதைப் பார்த்தாள் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வேன்காரம்மாவின் வீட்டுக்குப் போனேன். கிள்ளானிலேயே இருந்தும், சாவுக்குப் பிறகு அந்தப் பக்கம் நான் போனதில்லை. அவர் வாடகைக்கு இருந்த வரிசை வீடு. வெயில் தலையைப் பிளந்தது. தெருவில் ஆளில்லை. கேட் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. உள்ளே முட்டிவரை புல். நிமிர்ந்து பார்த்தேன். வீட்டுக்குக் கூரை இல்லை. ஓடுகளையெல்லாம் இறக்கிச் சுவரோரம் அடுக்கியிருந்தார்கள். வாசற்கதவு வழியாகப் பார்த்தால் உள்ளே வானம் தெரிந்தது.

பக்கத்து வீட்டில் ஒருவர் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இங்க யாரும் இருக்காங்களா?”

“யாரும் இல்லக்கா. வீட்டுக்காரன் இடிச்சுக் கட்டப் போறான். ரெண்டு மாசமா இப்படித்தான் கெடக்கு.” குழாயை மூடினார். “நீங்க அந்த அம்மாவுக்கு சொந்தமா? திங்கக்கிழமை வந்தாங்களே, வெள்ளைக் குடை பிடிச்சுக்கிட்டு?”

“என்ன பண்ணாங்க?”

“இந்த கேட் பக்கத்துல நின்னு பேசிக்கிட்டே இருந்தாங்க, அரை மணி நேரம் இருக்கும். நான் போன் பேசுறாங்கன்னுதான் நெனச்சேன் லா. அப்புறம் பார்த்தா ஒரு கையில குடை, ஒரு கையில கவரு. போன் எங்க இருக்கு?” அவர் தன் முழங்கையைத் தடவிக்கொண்டார். “நல்லா சிரிச்சுப் பேசினாங்க. நடுவுல நடுவுல நிறுத்தி, கேட்டுக்கிட்டாங்க. அதான் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. அப்புறம் கவரை அந்த லெட்டர் பெட்டியில போட்டுட்டுப் போனாங்க.”

கேட்டில் தொங்கிய துருப்பிடித்த தகரப் பெட்டிக்குள் கையை விட்டேன். பழைய விளம்பரத் தாள் ஒன்று, எறும்பு. அடிப்பக்கம் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. கீழே புல்லைக் கலைத்துத் தேடினேன். அவரும் வந்து தேடினார். வேலையாட்கள் வந்துபோகிறார்கள், தெருப்பிள்ளைகள் பெட்டியைத் திறந்து விளையாடுவார்கள், யாரைச் சொல்வது என்றார். எவ்வளவு இருந்தது என்று கேட்டார். நான் சொல்லவில்லை.

தேடி முடித்து நிமிர்ந்தபோது, கேட்டுக்கு முன்னால் அக்கா நின்ற இடத்தில்தான் நானும் நின்றிருந்தேன் என்று தெரிந்தது. உள்ளே எதிரே எவ்வளவு தூரத்தில் ஒருவர் நின்றால் இப்படிச் சிரித்துப் பேச முடியும் என்று கண் தானாகவே அளந்தது. அங்கே மட்டும் புல் கொஞ்சம் சாய்ந்திருந்தது. பூனை படுத்திருக்கும். பூனையாகத்தான் இருக்க வேண்டும். டோபிக் கடைக்குத் திரும்பும் வரை நான் ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

மிஸ்ஸியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“மகனுக்கு சொல்லணும்மா.”

“சொன்னா மறுநாளே கூட்டிட்டுப் போயிடுவான் மிஸ்ஸி.”

“இது மறதி மட்டும் இல்ல. டாக்டர் கிட்ட மறுபடி காட்டணும்.”

“அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு நானே கூட்டிட்டுப் போய் எல்லாத்தையும் சொல்றேன். அதை மறைக்க மாட்டேன். ஆனா காசு விஷயம் அவன் காதுக்குப் போக வேணாம்.”

“சரி, காசை யாரு கட்டுவா?”

அதைத்தான் நான் மூன்று நாளாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வேன்காரம்மாவின் பேரில் கூட்டுப் பணம் போய்விட்டது. ஐந்து மாதம் கட்டியாயிற்று. இனி ஐந்து மாதம், மாதம் முந்நூறு, அந்தப் பேரில் வந்துகொண்டே இருந்தால், இன்னும் எடுக்காத ஐந்து பேருக்கும் முழு மூவாயிரம் கிடைத்துவிடும். யாருக்கும் நஷ்டமில்லை. வராவிட்டால் அடுத்த மாதமே முந்நூறு குறையும். செராஸ்காரரோ பத்துமலைக்காரரோ சத்தம் போடுவார். சத்தம் சுபாங் ஜெயா வரைக்கும் போகும். அக்காவிடம் கார்டு இல்லை. இனி அவளால் பென்ஷனிலிருந்து எடுத்து வைக்க முடியாது.

“நான் கட்டுறேன்,” என்றேன்.

“உனக்கு டோபிக் கடையில என்ன சம்பளம்? உன் முந்நூறே நீ மூச்சைப் பிடிச்சுத்தான் கட்டுறே.”

“ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போறேன். குலுக்குற ஞாயிறு மட்டும் விட்டுடுறேன்.”

மிஸ்ஸி பெருமூச்சு விட்டார். “கூட்டு முடியுற வரைக்கும் ஒரு மாசம் ஒரு வெள்ளி குறையக் கூடாது. குறைஞ்சா நானே அவனுக்கு போன் பண்ணுவேன். அப்புறம் என்னைத் திட்டாதே.” வாசல்வரை வந்து இன்னொன்றும் சொன்னார். “இந்தக் கூட்டோட சரி. அடுத்தது அவங்க நடத்தக் கூடாது.”

ஒத்துக்கொண்டேன். நான் செய்வது அக்காவுக்கு நல்லதா, இல்லை என் பயத்துக்குத் தீனியா என்று ராத்திரியெல்லாம் புரண்டேன்.

ஒரே ஒரு விஷயத்தை நான் யோசிக்க மறந்திருந்தேன். காசை அக்காவிடம் என்ன சொல்லிக் கொடுப்பது? என் காசு என்றால் வாங்க மாட்டாள். ‘உன் பங்கைத்தான் குடுத்துட்டியே’ என்று நோட்டைத் திறந்து காட்டுவாள். வேன்காரம்மா செத்துப்போய்விட்டார் என்று சொல்லிவிட்டு வேன்காரம்மாவின் காசைக் கொடுக்க முடியாது. அடுத்த மாதம், குலுக்கலுக்கு முந்திய வெள்ளிக்கிழமை மத்தியானம், ஐம்பது வெள்ளித் தாள் ஆறைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவின் கதவுக்கு வெளியே நின்றபோதுதான் அது உறைத்தது. அதற்குள் அக்கா இரும்புக் கதவைத் திறந்துவிட்டாள்.

“அக்கா, இந்தா. வேன்காரம்மா குடுத்து விட்டாங்க.”

அக்கா காசை வாங்கவில்லை. “உன்கிட்டயா?”

“ஆமா.”

“எங்க பார்த்தே?”

“கிள்ளான் ஸ்டேஷன்ல.”

“வேன் என்னாச்சு? அவ ஏன் ஸ்டேஷனுக்கு வரணும்?”

“வேன்... ரிப்பேராம்.”

“என்ன கட்டியிருந்தா?”

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவளுக்கு அதுதான் கஷ்டம். வாயில் வந்ததைச் சொன்னேன். “பச்சைச் சேலை. பட்டுச் சேலை.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. வேன்காரம்மா வாழ்நாள் முழுக்கக் கால்சட்டையும் டீசட்டையும் போட்டவர். ஸ்டீயரிங் பிடிக்கிறவளுக்கு முந்தானை எதுக்கு என்பார். அவரைச் சேலையில் நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். கூடத்தின் நடுவில், தலைமாட்டில் விளக்கோடு. அந்தச் சேலை பச்சை.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் குழப்பம் எதுவும் இல்லை. தெளிவாக, முன்பெல்லாம் என்னை அதட்டும்போது இருக்கிற மாதிரியே இருந்தது.

“நான்தான் கட்டி விட்டேன்,” என்றாள். “முந்தானை குட்டையாப் போச்சு. அதைப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?”

“இல்லக்கா. ஒண்ணும் சொல்லல.”

“சொல்ல மாட்டா. மனசுல வச்சுக்குவா.”

அக்காவுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று நான் அதோடு கேட்பதை விட்டுவிட்டேன். அவள் காசை வாங்கி இரண்டு முறை எண்ணினாள். மேசையில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டு, நோட்டைத் திறந்து, வேன்காரம்மாவின் பேருக்கு நேரே முந்நூறு என்று எழுதினாள். ஒரு எண் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள். சரியாகத்தான் பார்த்தாள்.

“மறுபடி பார்த்தா அவகிட்ட சொல்லிடு,” என்றாள் நோட்டை மூடிக்கொண்டே. “இன்னும் ஆயிரத்து இருநூறு வெள்ளி பாக்கி இருக்கு.”